மழை விடும்வரை

மழை நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட விளையாட்டுச் சேனல்காரி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊரே வானத்தைப் பார்த்து "விட்டுத்தொலை" என்று கெஞ்சிக்கொண்டிருந்த மத்தியானம் அது. கிரிக்கெட் தொடரின் கடைசி ஆட்டம். ஆடுகளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நடுவர்கள் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒளிபரப்பு அறையில் உட்கார்ந்துகொண்டு, "பெய்யடா ராசா, நல்லாப் பெய்" என்று அந்தத் திரையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அறையில் சுவர் முழுக்கத் திரைகள். எத்தனை இருந்தாலும் மக்கள் வீட்டுக்குப் போவது ஒன்றுதான். அது எது என்று சொல்வது என் வேலை. நான் "போங்க" என்றால் வலது பக்கம் இருக்கும் பொத்தான் அண்ணன் அழுத்துவார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று சம்பளப் பிரிவுக்கே மறந்திருக்கும். ஓவர் முடிந்து ஆட்டக்காரர்கள் முதுகைக் காட்டி நடந்தால் போதும், நான் வாயைத் திறப்பதற்குள் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்.

மழை பிடித்ததும் வழக்கப்படி பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டோம். அந்த வாரத்தில் அதையே மூன்றாவது முறை போடுகிறோம். ஜெயிப்பவன் யார் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆட்கள் போன் போட்டுத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவரை முதுகுக்குப் பின்னால் நாங்கள் கிராஃப் என்போம். எத்தனை பேர் எந்த நிமிடம் பார்த்தார்கள் என்று ஏறி இறங்கும் கோட்டைத் தவிர அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"சார், பளுதூக்கும் போட்டி நடக்குற ஹால்ல நம்ம ஒளிபரப்பு வண்டி நிக்குது. ரெண்டு கேமரா இருக்கு. நேரலையாவே எடுக்கலாம்."

"பளுதூக்குதலா? யாரும்மா பாப்பாங்க?"

"பழசையே அரைச்சுப் போட்டா மட்டும் யாரு சார் பாக்குறாங்க?"

"சரி. மழை விடுற வரைக்கும்தான். பந்து விழும்போது நாம அங்க இருக்கணும். உன் நாத்தனார் அந்தப் போட்டியில இருக்கான்னு எனக்குத் தெரியும். பாசத்தைக் கொட்டி ஏதாவது பண்ணினே, தொலைச்சுடுவேன்."

"ஒப்புக்குச் சப்பாணியா இருக்குறதுக்கு என்ன சார் பாசம்?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

என் நாத்தனார் என் கணவரின் ஒரே தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் எங்கள் வீட்டில் முட்டை தங்காது. காலையில் வாங்கினால் சாயங்காலம் அட்டைதான் மிச்சம். அவளுக்கும் எனக்கும் சாப்பாட்டு மேசையில் வருடக்கணக்காக ஒரே சண்டை.

"எங்களை ஏன் அண்ணி காட்டவே மாட்டேங்குறீங்க?"

"பாக்க ஆள் இல்லடி. காட்டல."

"நீங்க காட்டல. அதான் ஆள் இல்ல."

"சரி, கோழியா முட்டையா?"

"முட்டைதான். கொடுங்க இப்படி," என்று என் தட்டில் இருப்பதையும் எடுத்துக்கொள்வாள்.

சிரித்துக்கொண்டே போட்ட சண்டை இந்த வருடம் சிரிப்பு இல்லாமல் ஆகிவிட்டது. அவளும் இன்னும் பதினைந்து இருபது பெண்களும் பயிற்சி எடுக்கும் கூடத்துக்கு ஒரு டைல்ஸ் கம்பெனிக்காரர் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவரும் எத்தனை நாள் காற்றுக்கு விளம்பரம் செய்வார்? "என் கம்பெனி பேர் உன் சட்டையில இருக்கு, அந்தச் சட்டையை யாரும்மா பாக்குறா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை டிவில தெரியட்டும், அடுத்த வருஷமும் நான் கட்டுறேன். இல்லேன்னா மாசக் கடைசியில சாவியைக் கொடுத்திடுங்க," என்று சொல்லிவிட்டார். அந்தக் கூடத்தை விட்டால் இரும்பைத் தரையில் போட எந்த வீட்டுக்காரன் இடம் கொடுப்பான்? பிறகு அவர்கள் வீட்டில் உட்கார்ந்து தையல்தான் பழகவேண்டும்.

மழை பெய்துகொண்டே இருக்கவேண்டும் என்று நான் ஏன் துடித்தேன் என்று இப்போது புரியும்.

முதல் சுற்று முடிந்து, பாரத்தை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் நேரலையில் உள்ளே போனோம். ஆரம்பமே கோணல். ஒரு பெண் தூக்கிவிட்டு மேடையை விட்டு நடந்தாள். ஆட்கள் வந்து தட்டுகளை மாற்றினார்கள். பொத்தான் அண்ணன் விரல் பட்டென்று இறங்கிவிட்டது. திரையில் சோப்பு விளம்பரம்.

"அண்ணே!"

"முதுகைக் காட்டிட்டு நடந்துச்சேம்மா. ஓவர் முடிஞ்சுதுன்னு கை போயிடுச்சு."

"இங்க ஓவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தத் தட்டு மாத்துற நேரத்துலதான் அடுத்தவ உள்ள நின்னு உசுரைக் கையில பிடிச்சுட்டு இருப்பா. அதைத்தான் காட்டணும். நான் சொல்லாம நீங்க தொடாதீங்க."

"சரிம்மா, சரிம்மா," என்று அவர் விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பாவம், அவரைத் திட்டியிருக்கக் கூடாது. அதுவும் நான் திட்டியிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு ஆட்டம் பிடித்துக்கொண்டது. ஹாலில் எங்கள் வர்ணனையாளர் ஒருவர் இருந்தார். பழைய பளுதூக்கும் வீரர். வாழ்க்கையில் முதல் தடவையாக நேரலையில் பேசுகிறார். வாயைத் திறந்தால் மூடவில்லை. "ஏறின பாரம் இறங்காது நேயர்களே! குறைச்சலாக் கேட்டவங்க முதல்ல வரணும், அதிகமாக் கேட்டவங்க கடைசியில வரணும். ஒவ்வொருத்தருக்கும் மூணே மூணு வாய்ப்பு!" என்று வகுப்பு எடுத்தார். என் நாத்தனார் முதல் வாய்ப்பைத் தூக்கியபோது திரையில் ஒரு பெரியவருடைய தலை குறுக்கே வந்து மறைத்தது. இரண்டாவதை, நூற்றிப் பதினேழு கிலோவை, அவள் தூக்கியபோது கேமராக்காரன் அவள் முகத்தை மட்டும் பிடித்தான். கிரிக்கெட்டில் பழகிய கை. சட்டையும் தெரியவில்லை, டைல்ஸும் தெரியவில்லை. "முகத்தை விட்டுக் கீழ இறங்குடா பாவி, மொத்தமாக் காட்டு!" என்று கத்தினேன்.

இனி அவளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். அவள் கேட்டிருந்தது நூற்றி இருபத்து நாலு. அதைத் தூக்கினால் தங்கம், அவள் வாழ்க்கையில் முதல் தங்கம். போன வாரம் கூடத்தில் அதைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, என்னையும் தூக்கினாள். வேறு ஊர்ப் பெண் ஒருத்தி நூற்றி இருபத்திரண்டு கேட்டிருந்தாள். அவள்தான் போட்டி. அவளுக்கும் முன்னால் நூற்றி இருபது, நூற்றி இருபத்தொன்று என்று இரண்டு பேர். நூற்றிப் பதினெட்டில் ஒருத்தி. இந்த வரிசையை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தேன். என் நாத்தனார் கடைசி.

அப்போது கிரிக்கெட் திரையில் நடுவர்கள் குடையை மடக்கினார்கள்.

தார்ப்பாயின் ஒரு முனையைப் பத்துப் பேர் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். மைதானத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது, சத்தம் இல்லாமல். கிராஃப் போனில் வந்துவிட்டார்.

"பாத்தியா? கால் மணி நேரத்துல பந்து விழும்."

"சார், இன்னும் அஞ்சு பேர்தான் பாக்கி. முடிச்சுடலாம்."

"முடிஞ்சா முடி, முடியலேன்னா விட்டுட்டு வா. ஆனா அதுக்கு முன்னாடி மழையில தங்கிப்போன விளம்பரத்தை எல்லாம் ஓட்டிடு. கிரிக்கெட் ஆரம்பிச்சா புதுசு வந்து குவியும், பழசை எங்க சொருகுறது?"

அஞ்சு பேர். ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம். நடுவில் ஒரு விளம்பரக் கொத்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இடித்தது. மற்ற நான்கு பேரும் திரையில் வருவார்கள். கடைசியாக வருகிறவள்தான் விளிம்பில் நின்றாள்.

நான் வர்ணனையாளரின் காதுக்குள் பேசினேன். "அய்யா, கிரிக்கெட் வருது. கால் மணி நேரத்துக்குள்ள நாங்க உங்களை விட்டுப் போயிடுவோம். என் நாத்தனார்கிட்டயும் சொல்லிடுங்க."

ஏன் சொன்னேன்? ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய். அவளாக ஏதாவது செய்துகொள்வாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. பாரத்தை அவள் தலையில் மட்டும் ஏற்றினால் போதாது என்று கடிகாரத்தையும் சேர்த்து ஏற்றினேன்.

நூற்றிப் பதினெட்டைக் கேட்ட பெண் வந்தாள், தூக்கினாள், ஓடினாள். நேரம் கரைந்துகொண்டிருந்தது. அடுத்து வரவேண்டியவர்கள் நூற்றி இருபதும் நூற்றி இருபத்தொன்றும். சீட்டைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பதக்க வாய்ப்பே இல்லை. விளம்பரக் கொத்தை இந்த இடத்தில் போட்டுவிட்டால், வெளியே வரும்போது நூற்றி இருபத்திரண்டு, அதற்குப் பின் என் நாத்தனார். ஒரு மயிரிழை மிஞ்சும். அவளும் தெரிவாள், தங்கமும் தெரியும். அடடா, என்ன மூளை எனக்கு!

"போகலாமாம்மா?" என்றார் பொத்தான் அண்ணன். இந்தத் தடவை விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"போங்க."

சோப்பு. பற்பசை. வங்கிக் கடன். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். ஒரு வாய் குடித்திருப்பேன். ஹால் திரையைத் தற்செயலாகப் பார்த்தேன்.

ஆட்கள் பாரத்தின் இரண்டு பக்கமும் சின்னஞ்சிறு தட்டு ஒவ்வொன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் நூற்றிப் பத்தொன்பது. நூற்றிப் பத்தொன்பது கேட்டவர்கள் என் சீட்டில் யாருமே இல்லையே? படிக்கட்டில் ஒரு பெண் ஏறினாள். நீலச் சட்டை. மார்பில் டைல்ஸ் கம்பெனியின் பெயர்.

"ஐயோ," என்றேன். "ஐயோ, குறைச்சுட்டாளே!"

கேட்ட எடையை அழைப்பு வருவதற்குள் மாற்றிக்கொள்ளலாம். கூட்டலாம், குறைக்கலாம். குறைத்தால் வரிசையில் முன்னால் வந்துவிடலாம். தூக்கினாலும் தங்கம் இல்லை. ஆனால் டிவி இருக்கும்போதே தூக்கிவிடலாம். அவள் கணக்கு அது. எனக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கு. இரண்டும் நல்ல கணக்குதான். ஒன்றின் தலையில் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"அண்ணே, வெட்டுங்க! விளம்பரத்தை வெட்டிட்டு ஹாலுக்குப் போங்க!"

"முடியாதும்மா. கொத்து உள்ள போயிடுச்சுன்னா முடியறவரைக்கும் மெஷின் விடாது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பணம் கொடுத்தவன் விளம்பரத்தைப் பாதியில் வெட்டக் கூடாது என்று பூட்டு போட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டு வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவளே நான்தான்.

சத்தம் இல்லாத திரையில் அவள் கையில் வெள்ளை மாவைத் தடவிக்கொண்டாள். குனிந்தாள். கேமராவின் தலையில், படம் வெளியே போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது வண்டிக்காரர்கள் போடும் விளக்கு. நாங்கள் பற்பசை காட்டிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கேமராக்காரன் நான் கத்தியது ஞாபகம் வந்து, தலையிலிருந்து கால் வரை மொத்தமாக, அழகாகப் பிடித்திருந்தான். பாரம் தோளுக்கு வந்தது. ஒரு மூச்சு. மேலே போயிற்று. கை நடுங்காமல், முட்டி மடங்காமல் நின்றாள். நூற்றிப் பத்தொன்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் என்னைத் தூக்கியது போலத் தூக்கி நிறுத்தினாள். சரி என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன.

பாரத்தைக் கீழே போட்டுவிட்டு அவள் நேராகக் கேமராவிடம் வந்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்து, மார்பில் இருந்த கம்பெனிப் பெயரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காட்டினாள். சிரித்தாள். வாய் அசைந்தது. "நன்றி சார்" என்று டைல்ஸ்காரருக்குச் சொல்கிறாள் என்று புரிந்தது. மக்கள் வீடுகளில் அந்நேரம் ஒருவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கும் எட்டி, நான் அதைத் தட்டிவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால், அந்த அறையில் இருந்த எல்லாவற்றின் மேலும். என் மேல்தான் முதலில்.

கிரிக்கெட் திரையில் தார்ப்பாய் சுருண்டு போய்விட்டது. கால் மணி நேரம் என்றவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் படி இறங்கிக்கொண்டிருந்தார்கள். விளம்பரக் கொத்து கடைசிக்கு வந்துவிட்டது.

"அண்ணே, அவ தூக்கினதை வண்டியில பதிவு பண்ணியிருப்பாங்க. அதை வாங்கி வையுங்க. விளம்பரம் முடிஞ்சதும் அதுதான் போகுது. ஓரத்துல 'பதிவு'ன்னு போட்டுடுங்க."

"கிரிக்கெட்டும்மா?"

"அதுக்கு அப்புறம்."

அவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக ஒரு பந்தைக்கூடத் தவறவிடாத மனுஷன். "பந்து போயிடும்மா," என்றார், ஏதோ வீட்டில் ஒரு உயிர் போகப்போவதுபோல.

"போகட்டும். பழி எனக்கு."

போன் அலறியது. கிராஃப். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

"வந்துட்டாங்க, தெரியுதா? போ கிரிக்கெட்டுக்கு."

"ஒரு நிமிஷம் சார்."

விளம்பரம் முடிந்தது. பொத்தான் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். மக்கள் வீட்டில் என் நாத்தனார் கையில் மாவு தடவிக்கொண்டாள்.

"என்னம்மா இது? என்ன பண்ற? அங்க அவன் பந்தோட நிக்குறான்!"

"நிக்கட்டும் சார்."

"ஓடி வரான்! ஏய், ஓடி வரான்!"

"வரட்டும் சார். அவ இன்னும் தோளுக்குக் கொண்டுபோகல."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஒரு திரையில் பாரம் தோளில் இருந்தது. பக்கத்துத் திரையில் பந்துவீச்சாளர் தாவினான். ஊரே கொண்டாடும் மட்டையாளன் காலை முன்னால் வைத்தான். என் திரையில் பாரம் மேலே போயிற்று. அந்தத் திரையில் மூன்று குச்சியும் பறந்தன.

முதல் பந்திலேயே அவுட். தொடரையே தீர்மானிக்கும் விக்கெட். அதை நாட்டில் ஒருத்தரும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் டைல்ஸ் கம்பெனிப் பெயரை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைத்தான்.

கிராஃப் போனை வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை. "இப்ப போங்க," என்றேன். பொத்தான் அண்ணன் கிரிக்கெட்டுக்குப் போனார். வாசல் பக்கம் இருந்த நேயர் தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன.

ஹால் திரையில் போட்டி நடந்துகொண்டே இருந்தது. நூற்றி இருபத்திரண்டைக் கேட்ட வேறு ஊர்ப் பெண் வந்தாள், தூக்கினாள், தங்கத்தை வாங்கினாள். மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த அறையில் என்னைத் தவிர அதை ஒரு ஈ காக்கா பார்க்கவில்லை.

மறுநாள் கிராஃப் என்னைக் கூப்பிட்டார். மேசையில் அந்தக் கோடு போட்ட தாள். ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றார். சொல்லிவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். "இதைப் பாரு. மழை வந்ததும் விழுந்த கோடு, பளுதூக்குதல் போட்டதும் நின்னுடுச்சு. அப்புறம் ஏறுது. எவன்மா இதைப் பாத்தான்?"

"நீங்க காட்டினதைப் பாத்தான் சார்."

"ம்... அடுத்த மழைக்கும் இதையே போடலாம்போல," என்றார் தாளிடம்.

டைல்ஸ்காரரும் கூடத்துக்குப் போன் செய்துவிட்டார். அவர் டிவியில் பார்த்தாரோ இல்லையோ, அதற்கு அவசியமே இருக்கவில்லை. விக்கெட்டைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் வயிற்றெரிச்சலில் அந்தப் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பித் திட்டிக்கொண்டிருந்தார்கள். "விக்கெட்டைத் தின்னவ" என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். திட்டினவன் ஒவ்வொருவன் கையிலும் கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருந்தது. வாடகை பற்றிக் கவலைப்படவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கூடம் தப்பித்தது. என் நாத்தனார் மட்டும் என்னோடு பேசவில்லை. வீட்டில் முட்டைகள் மிஞ்சின. என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு விழித்தார். "அவதான குறைச்சா, நீயா குறைக்கச் சொன்ன?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் சொல்லியனுப்பியது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள் தூக்கியது விளம்பரத்தில் போனதும் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளாகவே வந்து என் அறை வாசலில் நின்றாள். "அண்ணி, கூடத்துக்கு வாங்க."

போனேன். வேறு யாரும் இல்லை. ரப்பர் விரிப்பு, இரும்பு வாசனை, சுவரில் உடைந்த கண்ணாடி. எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டாள். பாரத்தில் தட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். நூற்றி இருபத்து நாலு.

"அன்னைக்கு இதைத்தான் தூக்கியிருப்பேன். நீங்க பாக்கணும் அண்ணி. நீங்க ஒருத்தர் பாத்தா எனக்குப் போதும். மூணு வாய்ப்பு, போட்டி மாதிரியே."

"பாக்குறேன்டி," என்றேன்.

முதல் தடவை தோள்வரை வந்து விழுந்தது. இரண்டாவது தடவை தலைக்கு மேலே போய், பின்பக்கமாகச் சாய்ந்தது. அவள் சுவரைப் பார்த்து நின்றாள். முதுகு ஏறி இறங்கியது. மறுபடியும் கையில் மாவு தடவிக்கொண்டு வந்தாள். குனிந்து கம்பியைப் பிடித்தாள்.

என் போன் அடித்தது. கிராஃபுக்கென்று நான் தனியாக வைத்திருக்கும் மணி. இத்தனை வருடத்தில் அந்த மணிக்கு என் கை என்னைக் கேட்காமலே போய்ப் பழகியிருந்தது. பையைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் அவர் அனுப்பிய செய்தியும் தெரிந்தது. "புதுத் தொடர்லயும் மழை. உடனே வா. உன் நாத்தனாரைப் பிடிக்கமுடியுமா?"

கூடமே அதிர்வதுபோலத் தடாலென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். பாரம் அவள் காலுக்கு முன்னால் உருண்டுகொண்டிருந்தது. அவள் இரண்டு கையும் இன்னும் மேலேயே இருந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களா அண்ணி?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் போன் என் கையில் வெளிச்சமாக இருந்தது, அவள் கண் அதன்மேல் வந்து நின்றுவிட்டது.

"பாக்கலடி," என்றேன். "இன்னொரு தடவை தூக்கு. ஒரே ஒரு தடவை."

அவள் கைகளைக் கீழே இறக்கி மாவைத் தட்டிக்கொண்டாள்.

"மூணும் முடிஞ்சுது அண்ணி," என்று சொல்லிவிட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.